பழைய பயிற்சி விமானங்கள்: மாடல் செய்வோரும் சீர்செய்வோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் மாடல் விமானக் கிட் வாங்கி ஒட்டுகிறவர்களுக்கும், கல்லூரி வளாகத்திலோ பூங்காவிலோ மேடையேறி நிற்கும் பழைய விமானத்தைச் சீர்செய்யும் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கும் சேர்த்து எழுதியது இது. டைகர் மாத், ஹார்வர்ட், எச்டி-2, வாம்பயர், கிரண் ஆகிய ஐந்து பயிற்சி விமானங்களைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன. பதில்களும் அவற்றை ஒட்டியே இருக்கும்.

மாடல் சரியாக இருக்க வேண்டுமென்றால் முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

ஒரு எண்ணையும் ஒரு தேதியையும். "ஹார்வர்ட் செய்கிறேன்" என்று தொடங்கினால் பாதி வழியில் திண்டாடிப் போவீர்கள். பயிற்சி விமானம் ஒன்று இருபது ஆண்டு பறந்திருந்தால் அதற்குள் ஏரியல் இடம் மாறியிருக்கும், புகைபோக்கி மாறியிருக்கும், இரண்டு மூன்று முறை பெயின்ட் அடித்திருப்பார்கள். அதனால் வாலில் எண் தெளிவாகத் தெரிகிற ஒரு புகைப்படத்தை எடுங்கள். அது எந்த ஆண்டில் எடுத்தது என்று முடிந்த மட்டும் நிச்சயப்படுத்துங்கள். அந்த விமானம், அந்த ஆண்டு, அவ்வளவுதான் உங்கள் எல்லை.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். கேனோப்பி (விமானி அறையின் கண்ணாடிக் கூடு), புகைபோக்கி, சக்கரம், ஏரியல், சக்கரக் கதவு, நிறம் என்று ஒவ்வொன்றையும் முதல் பத்தியில் எழுதுங்கள். இரண்டாவதில் அதற்கான ஆதாரம். மூன்றாவதில் அது படத்தில் பார்த்ததா, அளந்ததா, ஊகமா என்று. ஊகத்தைப் பென்சிலில் எழுதினால் பிறகு திருத்த வசதி. வலப்பக்கப் படம் மட்டும் கையில் இருக்கிறது என்றால் இடப்பக்கம் முழுவதும் ஊகம்தான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தைப் பார்த்துச் செய்தால் போதாதா?

அது இன்று எப்படி நிற்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. காட்சிக்கு வைக்கும்போது இரண்டு மூன்று விமானங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்குவது உலகெங்கும் வழக்கம். கேனோப்பி ஒரு வகையிலிருந்து, என்ஜின் மூடி வேறு வகையிலிருந்து வந்திருக்கலாம். பிற்காலப் பெயின்ட்டில் எழுத்தின் உயரமும் தடிமனும் அநேகமாக மாறியிருக்கும். அளவெடுக்கவும், ரிவிட் (தகடுகளைச் சேர்க்கும் ஆணி) வரிசை பார்க்கவும், சக்கரக் குழியின் உட்புறம் பார்க்கவும் அருங்காட்சியகம் போல உதவி வேறில்லை. நிறத்துக்கும் எழுத்துக்கும் அதை நம்பாதீர்கள்.

ஹார்வர்டும் டெக்ஸனும் ஒன்றுதானே?

குடும்பம் ஒன்று. அமெரிக்காவில் ஏடி-6, டி-6 டெக்ஸன். பிரிட்டன், கனடா, இந்தியா போன்ற நாடுகளில் ஹார்வர்ட். எல்லாவற்றுக்கும் நார்த் அமெரிக்கன் கம்பெனிதான் மூலம். பெரும்பாலானவற்றில் பிராட் அண்ட் விட்னி ஆர்-1340 வாஸ்ப் என்ஜின்: ஒன்பது சிலிண்டர், 600 குதிரைத்திறன் வகுப்பு. ஆனால் வகைக்கு வகை வித்தியாசம் கண்ணுக்கு எட்டுகிற அளவில் இருக்கிறது.

ஹார்வர்ட் 1-க்கு இறக்கை நுனி உருண்டை, வால் சுக்கானும் உருண்டை, பின் உடலின் பக்கங்கள் துணி போர்த்தியவை. ஹார்வர்ட் 2-லிருந்து பின் உடல் தகடு, இறக்கை நுனி வெட்டியது போலச் சதுரம், சுக்கானின் பின் விளிம்பு நேர்க்கோடு. 2ஏ என்பது ஏடி-6சி. போர்க்கால அலுமினியத் தட்டுப்பாட்டுக்குப் பயந்து இதில் சிலவற்றின் பின் உடலை ஒட்டுப்பலகையில் செய்தார்கள். ஹார்வர்ட் 3 என்பது ஏடி-6டி. 2பி, கனடாவின் நூர்டுயின் தொழிற்சாலையில் கட்டியது. ஹார்வர்ட் 4-ஐயும் கனடாவில்தான், கனடியன் கார் அண்ட் ஃபவுண்டரி கட்டியது. டி-6ஜி, பழைய டெக்ஸன்களை 1949-லிருந்து பிரித்துப் புதிதாகக் கட்டியது. இதன் கேனோப்பியில் சட்டங்கள் குறைவு, கண்ணாடி பெரிது.

கடையில் வாங்கும் கிட்டின் பெட்டிமேல் எந்தப் படம் இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரே வகை. முதலில் கேனோப்பிச் சட்டங்களை எண்ணுங்கள். பின் இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி, துப்பாக்கி வைக்கத் திரும்பும் அமெரிக்க அமைப்பா, நிலையாக நிற்பதா என்று பாருங்கள். அடுத்து வலப்பக்கப் புகைபோக்கி. கனடாவில் கட்டியவற்றில் அது நீண்டு, மேலே ஓர் உறை போர்த்தியிருக்கும். குளிர்நாட்டில் அந்தச் சூட்டை எடுத்து அறைக்குள் அனுப்புவதற்கான ஏற்பாடு அது. குட்டைப் புகைபோக்கி உள்ள விமானத்துக்கு நீளமானதை ஒட்டுவதும், டி-6ஜி கேனோப்பியை 2பி உடலில் வைப்பதும் மிகுதியாகக் கண்ணில் படும் இரண்டு தவறுகள். இந்திய விமானப்படையிலும் ஹார்வர்ட் ஒரே வகையாக வந்து சேரவில்லை. ஆகவே "இந்திய ஹார்வர்ட்" என்ற பொதுவான ஒன்றைத் தேடாதீர்கள்.

வாலில் 'எச்டி' என்று இருக்கிறது. அப்படியானால் அது எச்டி-2 தானே?

இல்லை. இந்திய விமானப்படை ஹார்வர்டுகளின் வரிசை எண்ணுக்கு முன்னால்தான் 'எச்டி' என்ற எழுத்துகள் வரும். எச்டி-2 என்பது பெங்களூரில் எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை வடிவமைத்த வேறு விமானத்தின் பெயர். உருவம் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ஹார்வர்டுக்கு மூக்கு வட்டமாக, சிலிண்டர்கள் நட்சத்திரம் போல் அடுக்கியிருக்கும்; சக்கரம் உள்ளே மடங்கும். எச்டி-2-க்கு மூக்கு ஒல்லி, சக்கரம் மடங்காது. இணையத்தில் தவறான பெயரோடு கிடக்கும் படத்தை நம்பி டிகால் (மாடல்மேல் ஒட்டும் எழுத்து, சின்னத் தாள்) அச்சிட்டுவிட்டால் காசும் உழைப்பும் வீண்.

எச்டி-2-க்கு எளிதில் கிடைக்கிற கிட் இல்லையே. எப்படிச் செய்வது?

மரத்திலோ பிளாஸ்டிக் தகட்டிலோ கையால் செய்யத்தான் வேண்டும். இந்த விமானம் அதற்குத் தகுதியானது. வி. எம். காட்கே தலைமையில் வடிவமைத்து, 1951 ஆகஸ்ட் 5-ல் முதன்முதலாகப் பறந்தது. உற்பத்திக்குப் போன முதல் இந்திய வடிவமைப்பு இதுதான். இறக்கை அகலம் 10.72 மீட்டர், நீளம் 7.53 மீட்டர். 1/72-ல் (நிஜத்தின் 72-ல் ஒரு பங்கு அளவில்) 148.9 மிமீ, 104.6 மிமீ. 1/48-ல் 223.3 மிமீ, 156.9 மிமீ. முன்னும் பின்னுமாக இருவர் அமரும் மூடிய அறை. உற்பத்தி விமானங்களில் தலைகீழாகத் தொங்கும் நான்கு சிலிண்டர் சிர்ரஸ் மேஜர் 3, 155 குதிரைத்திறன். பிற்காலத்தில் சிலவற்றுக்கு லைகமிங் என்ஜின் போட்டார்கள். அதில் சிலிண்டர்கள் பக்கவாட்டில் படுத்திருப்பதால் மூக்கின் வடிவமே மாறிவிடும். எந்தக் காலத்து எச்டி-2 என்று முடிவு செய்யாமல் மூக்கில் கை வைக்காதீர்கள்.

உருண்டையான உறுப்புகளுக்கு அம்பாசமுத்திரம் இருக்கவே இருக்கிறது. சொப்புச் சாமான் கடைகிற பட்டறையில் சக்கரம், ஸ்பின்னர் (புரொப்பெல்லர் நடுவிலுள்ள கூம்பு), ஹார்வர்டின் என்ஜின் மூடி ஆகியவற்றின் மூல உருவைக் கடைந்து வாங்கலாம். மஞ்சக்கடம்பு போல நெருங்கிய ரேகையுள்ள மரம் கேளுங்கள். வரைபடத்தோடு, அட்டையில் வெட்டிய பக்கவாட்டு வார்ப்பையும் கொடுத்தால்தான் வளைவு சரியாக வரும். மிமீ கணக்கை மட்டும் வாயால் சொன்னால் வராது.

கேனோப்பி எதில் செய்வது?

சோடா பாட்டிலில். நேரான சுவர் உள்ள, நிறமில்லாத பெட் பாட்டில் வேண்டும். தண்ணீர் பாட்டில் மெல்லியது, வரிவரியாக மடிப்பும் இருக்கும், ஆகாது. கேனோப்பியின் மூல உருவை மரத்தில் செதுக்குங்கள். பிளாஸ்டிக் கனத்துக்காக எல்லாப் பக்கமும் 0.3 மிமீ சிறியதாகவும், கீழே 5 மிமீ கூடுதல் உயரத்தோடும் இருக்கட்டும். அதன்மேல் சூப்பர் குளூவைத் தேய்த்து மூடி, 1000, 2000 எண் வாட்டர் பேப்பரில் இழைத்துக் கண்ணாடி போல ஆக்குங்கள். மர ரேகை ஒன்று தங்கினாலும் அப்படியே கேனோப்பியில் பதியும்.

பாட்டிலின் அடியை வெட்டி, மூல உருவை உள்ளே வைத்து, மறுபக்கம் மர ஆப்பு செருகி இறுக்குங்கள். ஹீட் கன்னை 10 முதல் 15 செமீ தூரத்தில் பிடித்து ஆட்டிக்கொண்டே காட்டினால் பாட்டில் சுருங்கி உருவைக் கவ்வும். ஆறிய பிறகு, உருவின் மேலேயே வைத்து வெட்டி எடுங்கள். வெள்ளை பூத்தால் சூடு கூடிவிட்டது. சுருக்கம் விழுந்தால் ஆப்பு தளர்வு. ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை மட்டும். சூப்பர் குளூ போட்டால் அதன் ஆவி உள்ளே படிந்து கண்ணாடி புகைபிடித்தது போலாகும்.

கிட் அளவு சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெர்னியர் அளவுகோலை எடுங்கள். ஹார்வர்டின் இறக்கை 42 அடி. 1/72-ல் 177.8 மிமீ, 1/48-ல் 266.7 மிமீ வர வேண்டும். ஒரு மிமீ குறைவு கண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். ஆனால் இறக்கையின் அகலம், கேனோப்பியின் உயரம், மூக்கின் விட்டம் இவற்றில் ஒரு மிமீ பிசகினால் விமானத்தின் முகமே மாறிவிடும்.

வரைபடத்தையும் சோதியுங்கள். ஜெராக்ஸ் எந்திரம் ஒரு திசையில் இழுத்துவிடும். நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாகத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே விகிதத்தில் இருந்தால்தான் அந்தத் தாளைப் பயன்படுத்தலாம்.

பானெல் கோட்டை (தகடும் தகடும் சேரும் இடத்துக் கோட்டை) எவ்வளவு ஆழமாகக் கீற வேண்டும்?

எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு. நிஜ விமானத்தில் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் 1 மிமீ இடைவெளி என்று வைத்துக்கொண்டால் 1/72-ல் அது 0.014 மிமீ. 6 மிமீ அகல ரிவிட் தலை 0.08 மிமீ. ஊசியால் ஒருமுறை லேசாக இழுத்தாலே அளவுக்கு மீறிய பள்ளம்தான். அதில் கருப்பு மையை ஊற்றி வழித்தெடுத்தால் விமானம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஆகிவிடும். கோட்டைக் கீறி, அதன்மேல் கெட்டி பிரைமர் ஒரு பூச்சு அடித்து, லேசாகத் தேயுங்கள். அடிப்படை நிறத்தைவிட ஒரு படி மட்டும் கருத்த மை போதும்.

இதைவிடப் பெரிய தவறு இறக்கையின் பின் விளிம்பில் இருக்கிறது. கிட்டில் அது 0.5 மிமீ கனம் என்றால் நிஜத்தில் 36 மிமீ பலகை என்று பொருள். இறக்கையின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே உட்புறமாகத் தேய்த்து, விளிம்பை நகக்கண் அளவு மெல்லியதாக்குங்கள். பானெல் கோட்டில் ஒரு வாரம் செலவழிப்பதைவிட இந்த அரைமணி வேலை மாடலை உயர்த்தும்.

வாம்பயர் பயிற்சி விமானத்துக்கு மூக்கில் பானெல் கோடு எப்படிப் போடுவது?

போடாதீர்கள். வாம்பயரின் மூக்குத் தொட்டி, அதாவது விமானிகள் அமரும் முன்னுடல், மரம்: இரண்டு ஒட்டுப்பலகைக்கு நடுவில் பால்சா என்ற லேசான மரம். தகடும் இல்லை, ரிவிட்டும் இல்லை. திறந்து மூடும் கதவுகளின் ஓரம் மட்டும் கோடாகத் தெரியும். இறக்கையும் இரட்டை வால் தண்டுகளும் உலோகம், அங்கே கோடு சரி. இரட்டை இருக்கை வாம்பயரில் இன்னொன்றும் கவனியுங்கள். தொடக்கத்தில் வந்தவற்றில் வெளியேறும் இருக்கை (ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கை) கிடையாது, கேனோப்பியில் சட்டங்கள் அதிகம். பின்னால் வந்தவற்றில் வெளியேறும் இருக்கையும் தெளிவான கேனோப்பியும். இரண்டையும் கலக்கக் கூடாது.

டைகர் மாத்தின் துணிப் பகுதியில் விலா எலும்பு தெரியுமாறு பள்ளம் வேண்டுமா?

சிறிதளவு. டோப் (துணியை இறுக்கும் பூச்சு) பூசிய துணி மேளத் தோல் போல விறைத்து நிற்கும். விலாச் சட்டங்களின் மேல் ஒட்டிய நாடா மெல்லிய கோடாகத் தெரியுமே தவிர, நடுவில் பட்டினி கிடந்த மாட்டின் வயிறு போல ஒட்டியிருக்காது. கிட்டில் அப்படி இருந்தால் பிரைமர் மூன்று பூச்சு அடித்துப் பள்ளத்தைத் தூர்த்துத் தேயுங்கள். ஹார்வர்டின் சுக்கான், ஏற்றத்தட்டு (வாலில் மேலும் கீழும் அசைவது), எய்லரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசைவது) ஆகியவையும் துணிதான். அவற்றில் ரிவிட் குத்திவிடாதீர்கள்.

1941-லிருந்து டைகர் மாத்தின் வாலுக்கு முன்னால் உடலின் மேல் இருபுறமும் மெல்லிய தகட்டு நீட்சி சேர்த்தார்கள், சுழல்வீழ்ச்சியிலிருந்து மீள்வதற்காக. அதற்கு முந்தைய விமானம் செய்கிறவர்கள் அதைச் சீவி எடுக்க வேண்டும். விசிறியின் (புரொப்பெல்லரின்) முறுக்கையும் பாருங்கள். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் டைகர் மாத்தின் விசிறி இடஞ்சுழி, ஹார்வர்டுடையது வலஞ்சுழி. உதிரிப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தும்போது இது தலைகீழாகிவிடும்.

கிரண் மார்க் 1, 1ஏ, 2: வித்தியாசம் என்ன?

மார்க் 1 ஆயுதமில்லாத அடிப்படை வகை, வைப்பர் என்ஜின். 1ஏ-வில் ஒவ்வொரு இறக்கைக்கும் அடியில் ஒரு தொங்கு தாங்கி. மார்க் 2-ல் ஆர்ஃபியஸ் என்ஜின், இறக்கைக்கு இரண்டாக நான்கு தாங்கி, மூக்கில் இரண்டு 7.62 மிமீ துப்பாக்கி. முதல் கிரண் பறந்தது 1964 செப்டம்பர் 4-ல். இறக்கை 10.70 மீட்டர், 1/72-ல் 148.6 மிமீ. மூன்றிலும் விமானிகள் இருவரும் அருகருகே அமர்வார்கள்.

பயிற்சி விமான மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்?

கருப்பு வெள்ளைப் படத்தை வைத்து முடிவு செய்வதில்தான் ஆபத்து. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் மஞ்சள் கறுத்து விழும், நீலம் வெளுத்து விழும். மஞ்சள் விமானத்தைப் பார்த்து "கரும்பச்சை" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. வானமும் தேசிய வட்டமும் (விமானத்தில் வரையும் நாட்டுச் சின்னம்) எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்த்து ஃபிலிமை முதலில் கணியுங்கள்.

வட்டத்தைப் பொறுத்தவரை காலம் முக்கியம். சுதந்திரத்துக்குப் பின் 1950 வரை அசோகச் சக்கரம் கொண்ட நீல வெள்ளை வட்டம். அதன்பிறகே இன்றைய வட்டம்: நடுவில் பச்சை, அடுத்து வெள்ளை, வெளியே காவி. சாய்வாக எடுத்த படத்தில் வட்டத்தின் குறுக்களவு சுருங்கித் தெரியும். வளைய விகிதத்தை மேல் கீழாக அளந்து எடுங்கள்.

மஞ்சள் பெயின்ட் கீழே உள்ளதை மறைக்காது. சாம்பல் பிரைமர் மேல் நேராக அடித்தால் பச்சை கலந்த அழுக்கு நிறம் வரும். வெள்ளையோ வெளிறிய ரோஜாவோ முதலில் அடித்து, அதன்மேல் மெல்லிய மூன்று பூச்சு.

நம்மூர் வெயிலில் ஏர்பிரஷ் அடைத்துக்கொள்கிறதே?

அக்னி நட்சத்திரக் காலத்தில் மதியம் அக்ரிலிக் அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மணல் தூவியது போல விழும். விடிகாலை ஆறிலிருந்து எட்டுக்குள் அடியுங்கள். பால் பதத்துக்குக் கரைத்து, 10 சொட்டுக்கு 1 சொட்டு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்த்து, 15 முதல் 18 பிஎஸ்ஐ அழுத்தம் வையுங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் நாட்களில் இதற்கு நேர்மாறான சிக்கல். லாக்கர் பெயின்ட் அடித்தால் ஈரத்தை இழுத்து வெண்படலம் பூக்கும். மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மேலே ஒரு தூவல் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

3டி பிரின்டில் பிஎல்ஏ இழையில் எடுத்த உறுப்புகளைத் தகரக் கூரைக்குக் கீழேயும், வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள். அது 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகும். ஒரே மதியத்தில் சக்கரக் கால் வளைந்து விமானம் மூக்கைத் தரையில் ஊன்றிவிடும். கால்களுக்குள் பித்தளைக் கம்பி கொடுப்பதே நல்லது.

டிகால் எங்கே அடிப்பது?

வீட்டு லேசர் பிரின்டரில் வெள்ளை கிடையாது. மஞ்சள் உடல்மேல் வட்டத்தின் வெள்ளை வளையம் மஞ்சளாகவே தெரியும். பக்கத்திலேயே சிவகாசி இருப்பதால் திரை அச்சில் வெள்ளை அடித்து வாங்கலாம், ஆனால் ஒரு தாளுக்காக மெஷின் ஓட்ட மாட்டார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே தாளில் அடுக்கிக் கொடுங்கள். தனி ஆளுக்கு எளிய வழி, பைக் ஸ்டிக்கர் கடையில் இருக்கும் வெட்டும் பிளாட்டர். வட்டத்துக்கும் எண்ணுக்கும் வினைல் மாஸ்க் வெட்டி வாங்கி, வெள்ளை, காவி, பச்சை என்ற வரிசையில் பெயின்ட்டே அடித்துவிடலாம். 3 மிமீ உயரத்துக்குக் குறைந்த எழுத்தை அந்த மெஷின் பிய்த்துவிடும், அதற்கு டிகால்தான்.

கயத்தாறு பழைய ஓடுபாதையில் விமானம் நிற்பது போல் காட்சித்தளம் செய்யலாமா?

செய்யலாம், அழகான யோசனை. கயத்தாறில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம் இருந்தது. ஆனால் எந்த விமானம் எந்த மாதம் அங்கே நின்றது என்பதற்கு ஆதாரம் கையில் இல்லாமல் எண் எழுதிவிடாதீர்கள். தளத்தை மட்டும் அந்த ஊராகச் செய்யுங்கள். மண்ணை அந்த இடத்திலேயே ஒரு பிடி எடுத்து, காயவைத்து, தேயிலை வடிகட்டியில் சலித்துப் பயன்படுத்துங்கள். திசையன்விளைப் பக்கத்துச் சிவப்புத் தேரி மணலைக் கயத்தாறில் கொட்டினால் ஊர்க்காரர் ஒருவர் பார்த்ததும் சொல்லிவிடுவார். பனைமரம் வைக்கிறீர்களா? 20 மீட்டர்ப் பனை 1/72-ல் 28 செமீ. விமானத்தின் இறக்கையைவிட ஒன்றரை மடங்கு உயரம் என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

நிஜ விமானத்தைச் சீர்செய்யப் போகிறோம். முதல் வேலை என்ன?

விமானத்தைக் கொடுத்தபோது வந்த கடிதத்தைத் தேடி எடுங்கள். கடனா கொடையா என்று தெரியாமல் துளையிடவோ பெயின்ட் அடிக்கவோ கூடாது. இங்கே சொல்வதெல்லாம் தரையில் நிற்கப் போகும் விமானத்துக்கு மட்டும். பறக்க வைப்பது உரிமம் பெற்றவர்களின் வேலை.

அடுத்தது ஆபத்துகள். கிரண், வாம்பயர் போன்றவற்றில் வெளியேறும் இருக்கை இருந்தால், அதன் வெடிபொருள் அகற்றப்பட்டதற்கு எழுத்துச் சான்று வேண்டும். அது வரும் வரை அறைக்குள் யாரும் ஏறக் கூடாது, எந்தக் கைப்பிடியையும் இழுக்கக் கூடாது. விமானி அறையிலுள்ள பழைய அளவுமானிகளின் முகங்களில் இரவில் ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கலாம். இப்போது ஒளிரவில்லை என்பதால் கதிர்வீச்சு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஒளிரும் பொருள்தான் செத்திருக்கும். ரேடியத்துக்கு அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. கண்ணாடியைக் கழற்றாதீர்கள், சுரண்டாதீர்கள். பழைய பச்சை மஞ்சள் பிரைமர் சிங்க் குரோமேட். அதன் தூசி புற்றுநோய் தரக்கூடியது. உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் கட்டாயம். சக்கரம், கியர் பெட்டி போன்றவற்றில் மெக்னீசியம் இருந்தால் கிரைண்டர் பொறி பட்டால் எரியும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும். உலர்ந்த மணல் வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

பழைய நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெயில் படாத மூன்று இடங்கள்: திறப்பு மூடியின் உள்விளிம்பு, இறக்கை உடலோடு சேரும் இடத்து மூடிக்குக் கீழ், பெயர்த்தகட்டுக்கு அடியில். ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தை 400, 800, 1200 எண் தாள்களால் தண்ணீர் தொட்டு வட்டமாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையம் போல ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். உலோகத்தை ஒட்டியிருப்பது பிரைமர். அதன் பச்சை மஞ்சளைப் பயிற்சி மஞ்சள் என்று எண்ணிவிடக் கூடாது. நிழலில், நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். அந்த நாணய இடங்களில் ஒன்றையாவது பெயின்ட் அடிக்காமல் மூடிக்குள் அப்படியே விட்டுவையுங்கள், அடுத்த தலைமுறைக்கு அதுதான் சாட்சி.

பெயின்ட்டை உரிக்க மணல் வீச்சு அடிக்கலாமா? பட்டி பார்க்கலாமா?

இரண்டும் வேண்டாம். மெல்லிய அலுமினியத் தகடு மணல் வீச்சில் அலை அலையாக நெளியும். திரும்ப நேராகாது. பட்டி பார்ப்பது கார் டிங்கரிங் பழக்கம். அரிப்பின் மேல் பட்டி தடவினால் உள்ளே ஈரம் அடைபட்டு, இரண்டு மழைக்குள் பட்டி கட்டியாகக் கழன்று விழும். அதற்குள் தகடு ஓட்டையாகியிருக்கும். இரும்புக் கம்பி பிரஷ், இரும்புப் பஞ்சு இரண்டும் கூடாது. துணுக்கு அலுமினியத்தில் பதிந்து துருப்பிடிக்கும். கடையில் கிடைக்கும் கருப்பு வாட்டர் பேப்பர் சிலிகன் கார்பைடு. பிளாஸ்டிக் மாடலுக்கு அது அருமை, விமானத் தகட்டுக்கு ஆகாது. அலுமினியம் ஆக்சைடு தாளோ நைலான் தேய்ப்பானோ வாங்குங்கள்.

வெள்ளைத் தூள் பூத்திருந்தால் மேல் அரிப்பு, தேய்த்து எடுத்துவிடலாம். தகடு பக்கவாட்டில் பூரிபோல உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்தால் அது உள்ளுக்குள் போன அரிப்பு. அந்தத் துண்டை வெட்டி எடுத்து மாற்றத்தான் வேண்டும். சுத்தமான உலோகத்தின் மேல் எட்ச் பிரைமர், பிறகு எபாக்சி பிரைமர், மேலே பாலியூரித்தேன். தேய்த்த அன்றே முதல் பூச்சு விழ வேண்டும். தூத்துக்குடி, திருச்செந்தூர்க் காற்றில் ஓர் இரவு திறந்து கிடந்தாலே உப்பு படியும். இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் சீலன்ட் தடவி இரண்டையும் பிரியுங்கள்.

காணாமல் போன ரிவிட், போல்ட்டுக்கு என்ன போடுவது?

பாப் ரிவிட் போட்டால் நடுவில் ஓட்டையோடு தூரத்திலிருந்தே தெரியும். தலையின் வடிவம், விட்டம், இடைவெளி மூன்றையும் பக்கத்து வரிசையில் அளந்து, அதே வகை அலுமினிய ரிவிட்டை அடியுங்கள். போல்ட்டில் கவனம் தேவை. டைகர் மாத், வாம்பயர் போன்ற பிரிட்டிஷ் விமானங்களில் பிஏ, பிஎஸ்எஃப் என்ற பிரிட்டிஷ் அளவு மரை. ஹார்வர்டில் அமெரிக்க மரை. 2பிஏ போல்ட்டின் விட்டம் 4.7 மிமீ, மரை இடைவெளி 0.81 மிமீ. நம் கடை எம்5 போல்ட் 5 மிமீ, 0.8 மிமீ. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் எம்5-ஐ அழுத்தித் திருகுகிறார்கள். முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் பழைய நட்டின் மரை அழியும். லேத்தில் 2பிஏ வெட்டி வாங்குவது ஒன்றும் பெரிய செலவில்லை. புதிதாகச் செய்த ஒவ்வொரு உறுப்பின் உட்புறத்திலும் "மாற்று" என்று எழுதி ஆண்டையும் பொறித்துவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு பராமரிப்பு?

கடற்கரை ஊர்களில் மாதம் ஒருமுறை, கடலிலிருந்து தள்ளிய ஊர்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கழுவுங்கள். சலவைச் சோடா அலுமினியத்தை அரிக்கும். கேனோப்பியை மென்துணியால் ஒற்றி எடுங்கள். தின்னரோ பெட்ரோலோ பட்டால் பெர்ஸ்பெக்ஸ் பாளம் பாளமாக வெடிக்கும். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவது ஈரத்தைப் பொதிந்து வைப்பது போல. கேனோப்பிக்கு மட்டும் பருத்தித் துணி உறை போதும். உடலுக்கு அடியிலுள்ள வடிகால் துளைகளை ஐப்பசிக்கு முன்பு ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். வேகமானிக் குழாயில் குளவி மண்கூடு கட்டும், துணித்தொப்பி மாட்டுங்கள். டயர் எடை தாங்காதபடி அச்சைத் தாங்கியில் ஏற்றுங்கள்.

வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியாக வரும் மேல்காற்றை மறந்துவிடாதீர்கள். பூட்டாத சுக்கானும் எய்லரானும் இரவு பகலாக அடித்துக்கொண்டு, ஒரே பருவத்தில் கீல் ஆணியின் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்துவிடும். இரண்டு பலகைக்கு நடுவே ஃபெல்ட் வைத்து, சிவப்புத் துணி கட்டிய பூட்டு ஒன்றை ஒவ்வொரு அசையும் பரப்புக்கும் செய்து மாட்டுங்கள். மேல்காற்று தொடங்குமுன் அந்தப் பூட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கையால் ஆட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.